இன்சுலின் ஊசிக்குக் கெயார் ஏஜென்சி காசு கேட்டால் குடுக்காதேங்கோ

லண்டனில வயது போன அம்மா அப்பாவுக்குக் கவுன்சில் கெயார் (ஏஜென்சி ஆக்கள் வீட்டுக்கு வந்து பராமரிக்கிறது) எடுக்கிற ஆக்களுக்குத்தான் இதை எழுதுறன். நாங்கள் 189 பவுண்ஸ் குடுத்து ஏமாந்தனாங்கள்.

அம்மாவுக்கு 81 வயசு, சீனி வருத்தம். காலமை மேல் கழுவிச் சாப்பாடு குடுக்க வாற கெயாரர் பிள்ளையே இன்சுலினும் போட்டுவிடுவா. டிஸ்ட்ரிக்ட் நேர்ஸ் (அரச வைத்திய சேவையான என்ஹெச்எஸ்ஸில இருந்து வீடுகளுக்கு வாற நேர்ஸ்) வீட்டுக்கு வந்து அவவுக்குப் பழக்கி, செய்யிறதைப் பக்கத்தில நிண்டு பாத்துத்தான் கையெழுத்து வைச்சவ. ஒண்டரை வருசம் ஒரு குறையுமில்லை.

பிறகு கவுன்சில் ஒப்பந்தத்தைத் திருப்பி ரெண்டருக்கு (கேள்விப்பத்திரத்துக்கு) விட, வேற ஏஜென்சிக்குப் போயிட்டுது. முதல் நாள் வந்த பிள்ளை ஊசிப் பேனையைப் பாத்திட்டு, "இது எங்கட வேலையில இல்லை அன்ரி" எண்டு பாணை மட்டும் குடுத்திட்டுப் போயிட்டா. பின்னேரம் சீனி 26.4க்கு ஏறிட்டுது.

அடுத்த நாள் மனேஜர் ஃபோன் எடுத்தார். நாளுக்கு 9 பவுண்ஸ் தனியாக் கட்டினால் ஊசி போடுவினமாம். பயத்தில ஓமெண்டிட்டன். 21 நாள் கட்டின பிறகுதான் தெரியும், அந்தப் பிள்ளையை எந்த நேர்ஸும் பழக்கேல்லை எண்டு. நினைக்க இப்பவும் கை நடுங்குது.

இன்சுலின் போடுறது என்ஹெச்எஸ் வேலை. அதுக்கு நாங்கள் காசு கட்டத் தேவையில்லை. நேர்ஸ் அதைக் கெயாரரிட்டப் பொறுப்புக் குடுக்கலாம். ஆனால் அது இந்த ஆளுக்கு இந்தக் கெயாரர் எண்டு குடுக்கிறது. ஆள் மாறினால் திருப்பிப் பழக்கோணும்.

கவுன்சில் ரெண்டர் விடுறது 2025 பெப்ரவரி 24இல நடைமுறைக்கு வந்த கொள்முதல் சட்டத்தின்படி. என்ஹெச்எஸ் சேவைக்கு ஆள் பிடிக்கிறதுக்கு 2024 ஜனவரி 1இல இருந்து வேற ஒழுங்குவிதி. போதாததுக்கு, 2014 கெயார் சட்டத்தின் 22ஆம் பிரிவு என்ஹெச்எஸ்ஸின்ர வைத்திய வேலையைக் கவுன்சில் பெரிசாக் கையில எடுக்க விடாது. அம்மாவின்ர ஊசி கவுன்சிலுக்கும் என்ஹெச்எஸ்ஸுக்கும் நடுவில விழுந்து போச்சு. புது ஒப்பந்தத்தில கழுவித் துடைக்க நிமிசக்கணக்கு இருக்கு, ஊசிக்கு ஒரு வரியும் இல்லை.

ஏஜென்சி மாறுது எண்டு கடிதம் வந்தால் அண்டைக்கே டிஸ்ட்ரிக்ட் நேர்ஸ் ரீமுக்கு அடியுங்கோ. புதுசா ஊசி போடப்போறது ஆர், பழக்கின நேர்ஸ் ஆர் எண்டு எழுத்தில கேளுங்கோ. பதில் வரும்வரைக்கும் நேர்ஸே வரட்டும். எங்களுக்கு இப்ப அப்பிடித்தான். சிலநாள் அவ வரப் பத்து மணியாகும், அம்மா பசியோட இருப்பா.

காசைக் கேட்டால், "நீங்கள் சம்மதிச்சுத்தானே கட்டினனீங்கள்" எண்டார் மனேஜர். கவுன்சிலுக்கு முறைப்பாடு குடுத்திருக்கிறன். அவை சரியான பதில் தரேல்லையெண்டால் கவுன்சிலுக்கு எதிரான முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒம்புட்ஸ்மனிட்டப் போறன்.