ஆடிக்குக் கிழக்கு, மார்கழிக்கு மேற்கு: கிருஷ்ணகிரியிலிருந்து அலை தேடிப் போக நான்கு கரைகள்

ஆடி பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரியில் மொட்டை மாடியில் துணி காயப்போட முடியாது. கிளிப் போட்டாலும் பக்கத்து வீட்டு மாமரத்தில்தான் போய் எடுக்க வேண்டும். சின்ன வயதில் அது பட்டம் விடுகிற காற்று, அவ்வளவுதான். இப்போது கொடியில் கிடக்கும் வேட்டி கிழக்கே பார்த்துப் படபடத்தால் எனக்குக் கோவளம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. எங்கள் ஊரைத் தாண்டிப் போகிற அதே மேல்காற்று, இருநூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி, வங்கக்கடலின் அலையை எதிரே நின்று தாங்கிப் பிடிக்கிறது.

கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டுக்குமே கடல் கிடையாது. நான் நீச்சல் பழகியது கிணற்றில். மாமா இடுப்பில் கயிறு கட்டி இறக்கிவிட்டார். அப்படிப் பழகியவனுக்கு அலைச்சறுக்கு, அதாவது பலகையில் (போர்டில்) நின்று அலையில் சறுக்கும் சர்ஃபிங், ஒரு பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது. ஓசூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் நண்பர்கள் "எந்த பீச் நல்லா இருக்கும்?" என்று கேட்கிறார்கள். எந்த மாதம் போகிறீர்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்திலிருந்து வார இறுதியிலோ நீண்ட விடுமுறையிலோ போகத்தக்கவை நான்கு: கோவளம்–மாமல்லபுரம், புதுச்சேரி, கேரளத்தின் வர்க்கலா, மங்களூருக்கு வடக்கே முல்கி. நான்கிலும் தண்ணீர் வெதுவெதுப்பு. சென்னைப் பக்கம் கடல் தை மாதத்திலேயே 26 டிகிரிக்கு அருகில் இருக்கும், மே மாதத்தில் 30ஐத் தொடும். உடம்பை மூடும் ரப்பர் உடை தேவையில்லை. வெயிலுக்கும் போர்டு உராய்வுக்கும் முழுக்கை பனியன் ஒன்று போதும். ஆக, வித்தியாசம் தண்ணீரில் இல்லை, காற்றில்தான் இருக்கிறது.

கடலை நோக்கி நிற்கும்போது காற்று முதுகில் படவேண்டும். நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று, உடைய வரும் அலையின் முகத்தைத் தடவி, சீக்கிரம் சரிந்துவிடாமல் நிறுத்திவைக்கும். அலை கண்ணாடி மாதிரி எழும். காற்று முகத்தில் அடித்தால் அதே அலை கலங்கி, எங்கே உடையும் என்றே தெரியாமல் நுரைத்துக் கொட்டும். தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து வருகிறது. அப்போது கிழக்குக் கரைக்கு முதுகுக் காற்று, மேற்குக் கரைக்கு முகக் காற்று. கார்த்திகை, மார்கழியில் இது தலைகீழாகிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி ஒப்பீடு முடிந்தது.

கோவளத்தையும் மாமல்லபுரத்தையும் ஒன்றாகவே சொல்கிறேன், இரண்டுக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அரை மணி நேரம்தான். (கேரளத்திலும் ஒரு கோவளம் உண்டு. செல்போன் மேப்பில் போடும்போது பார்த்துப் போடுங்கள்.) கிருஷ்ணகிரியில் இரவு ஒரு மணிக்குக் கிளம்பினால் வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக விடிகிற நேரத்துக்குப் போய்விடலாம். விடிகாலையில் போய்ச் சேருவது முக்கியம். ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் அங்கே காலையில் மேல்காற்று இருக்கும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கரையேறிவிடும். கோவளம் குப்பத்தில் வலை உதறிக்கொண்டிருந்த ஒரு அண்ணன் என்னிடம் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "தம்பி, மேக்காத்து இருக்கிற வரைக்கும்தான் இந்த அலை. வெயில் ஏறி கடக்காத்து உள்ள வந்துச்சுன்னா சோறு பொங்குற மாதிரி ஆயிடும்." பதினோரு மணிக்கு அப்படியேதான் ஆனது.

அந்தப் பருவத்து அலை உள்ளூர்க் காற்றில் பிறந்தது இல்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அன்டார்டிகாவுக்கு வடக்கே அடிக்கிற புயல்களில் பிறந்து, பல நாள் பயணம் செய்து வருகிறது. அதனால்தான் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே பன்னிரண்டு, பதினான்கு விநாடி இடைவெளி இருக்கும். இடுப்பளவுதான் தெரியும், ஆனால் போர்டின் அடியில் வந்து தூக்கும்போது அதன் கனம் புரியும். இலங்கையின் அறுகம்பே உலகம் முழுக்கப் பெயர் வாங்கியதும் இதே மாதங்களில் வரும் இதே தெற்கத்தி அலையால்தான். தமிழ்நாட்டில் பாக் நீரிணைப் பக்கம் போனால் இலங்கையே குறுக்கே நின்று அலையை மறைத்துவிடுகிறது. வடக்கே வரவர அந்த மறைப்பு விலகிவிடும். மாமல்லபுரத்தில் கடற்கோயில் நிற்கும் முனை வேறு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. தெற்கிலிருந்து வரும் அலை அந்த முனையைச் சுற்றி வளைந்து, ஒரு பக்கமாக ஒழுங்காக உரிந்து உடைகிறது. கோவளத்திலும் முனைதான் வேலை செய்கிறது.

2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. 2025இல் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியும் அங்கேதான். தொடங்கிய நாள் ஆகஸ்ட் 3, நமக்கு ஆடிப்பெருக்கு. நம் ஜனமெல்லாம் ஒகேனக்கல் பக்கம் ஆற்றைக் கும்பிடப் போன அதே ஞாயிற்றுக்கிழமை. அந்தப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். ஆசியப் போட்டியில் இந்தியர் ஒருவர் தனிநபர் பதக்கம் வாங்கியது அதுதான் முதல் முறை. ஆகஸ்டைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

குறையும் சொல்லவேண்டும். ஃபைபர் படகுகள் காலையில்தான் மீனோடு திரும்புகின்றன, அவர்களுக்கு வழிவிட்டே ஆகவேண்டும். அது அவர்கள் பிழைப்பு. கரையோரப் பாறைகளைக் கவனிக்காவிட்டால் காலும் போகும், போர்டும் போகும். சனி, ஞாயிறு கூட்டம் அதிகம்.

புதுச்சேரி, தூரக் கணக்கில் எங்களுக்கு மிகச் சுலபம். ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று ஒரே சாலை. தருமபுரிக்காரர்கள் அரூர் வழியாகத் திருவண்ணாமலையில் வந்து சேர்ந்துகொள்ளலாம். காற்றுக் கணக்கு மாமல்லபுரத்தினுடையதேதான். ஆனால் தந்திராயன்குப்பம் பக்கம் கரையே மாறிக்கொண்டிருக்கிறது. துறைமுகத் தடுப்புச் சுவர் மணல் ஓட்டத்தை மறித்ததால் வடக்கே கரை அரித்தது, அரிப்பைத் தடுக்கக் கற்களைக் கொட்டினார்கள். கல்வரிசைகளுக்கு நடுவே அலை சில நாள் அழகாக நிற்கும், சில நாள் மணலே இல்லாமல் கல்லில் மோதும். அலை ஓட்டத் தெரிந்தவருக்குச் சரி. புதிதாகப் போகிறவர் பயிற்சியாளர் காட்டுகிற இடத்தைத் தாண்டி இறங்கவேண்டாம்.

ஐப்பசி முதல் மார்கழி வரை கிழக்குக் கரையை விட்டுவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. வடக்கிலிருந்து வரும் வாடையும் கிழக்கிலிருந்து வரும் கொண்டலும் நேரே முகத்தில் அடிக்கும், ஆறேழு விநாடிக்கு ஒன்றாக அலை மேல் அலை விழும். நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டே போகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடலுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று இருந்தவர்களுக்கு இரண்டு நாளில் பதில் கிடைத்தது. டிசம்பர் 2 காலை வரையான ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை. சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை எங்கள் மாவட்டமே பார்த்தது. தென்பெண்ணை பெருகிக் கடலூருக்குள் நுழைந்தது. அப்படி ஒரு மழைக்குப் பின் பல நாள் ஆற்று வாய்ப் பக்கம் கடல் செம்மண் நிறத்தில், கட்டையும் ஆகாயத்தாமரையுமாகக் கிடக்கும். அதில் இறங்குவது உடம்புக்கும் ஆகாது.

அந்த மாதங்களில் வர்க்கலா திறந்துகொள்கிறது. சேலம் போனால் இரவு ரயில் உண்டு. பெங்களூரு–கன்னியாகுமரி ரயில் வர்க்கலாவில் நிற்கும். செம்பாறைக் குன்று நேரே கடலை ஒட்டி நிற்க, அதன் காலடியில் கடற்கரை. மார்கழி, தை, மாசியில் காலைக் காற்று கிழக்கிலிருந்து, அதாவது குன்றின் பக்கமிருந்து இறங்கிவரும். கடல் இளம்பச்சையாக, முழங்காலிலிருந்து மார்பு வரையிலான அலையோடு இருக்கும். மதியத்துக்கு மேல் வடமேற்குக் காற்று கலக்கிவிடும். ஐப்பசியில் போகிறவர்கள் துலாவர்ஷத்தை, கேரளத்தின் ஐப்பசி மழையை, மறக்கவேண்டாம். காலை பளிச்சென்று இருக்கும், பிற்பகல் இடி திரண்டு வந்துவிடும். மின்னல் தெரிந்த நிமிடமே கரையேறிவிடவேண்டும், நீர்மட்டத்தில் தலை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பது உயிருக்கு ஆபத்து.

ஆடி அமாவாசையன்று வர்க்கலாவின் பாபநாசம் கரையில் முன்னோருக்குப் பலி (தர்ப்பணம்) கொடுக்கப் பெருங்கூட்டம் கூடும். அதே கரையைச் சர்ஃபிங்குக்கு அந்த மாதத்தில் நினைத்தே பார்க்காதீர்கள். பருவக்கடல் மணலை வாரிக்கொண்டு போயிருக்கும், அலை குன்றின் அடிவரை வந்து அறையும். சித்திரை, வைகாசியில் இன்னொன்று உண்டு, கள்ளக்கடல். தென்கோடிப் புயலின் அலை, உள்ளூரில் காற்றே இல்லாத வெயில் நாளில், சத்தமில்லாமல் வந்து ஏறும். கள்ளன் மாதிரி வருவதால் மீனவர்கள் வைத்த பெயர். 2012இல் யுனெஸ்கோவே அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது. கேரளமும் குமரியும் அதன் பாதையில் இருக்கின்றன. 2024 மே மாதம் குமரிக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனதும் அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். ஐதராபாத்தில் உள்ள, கடல் தகவல் தரும் இன்காய்ஸ் நிறுவனம் கள்ளக்கடல் எச்சரிக்கை விடும். அது இருக்கும் நாளில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் கடல் வேண்டாம்.

முல்கி எனக்கு மிகப் பிடித்த ஊர், ஆனால் மிகத் தொலைவு. ஓசூர், பெங்களூரு தாண்டி, சிராடி மலைப்பாதை இறங்கி, மங்களூர் போய், மேலும் முப்பது கிலோமீட்டர். மழைக்காலத்தில் மலைப்பாதை மண்சரிவில் அடைபடும். போய்விட்டால் கிடைப்பது வேறெங்கும் இல்லாத வசதி. சாம்பவி ஆறு கடலில் சேரும் இடம் அது. கடல் கெட்டிருந்தால் ஆற்றின் அமைதியான நீரில் போர்டில் படுத்து, துடுப்படித்து, எழுந்து நின்று பழகலாம். இந்தியாவில் முறையாக அலைச்சறுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த இடங்களில் இது மூத்தது. மந்த்ரா சர்ஃப் கிளப் 2004 முதல் இருக்கிறது, 2016இல் இந்தியன் ஓப்பன் அலைச்சறுக்குப் போட்டி பக்கத்திலிருக்கும் சசிஹித்லு கரையில்தான் தொடங்கியது. ஐப்பசி பின்பாதியிலிருந்து தை வரை போங்கள். நான்கு நாளாவது விடுமுறை வேண்டும், இரண்டு நாளுக்கு அந்தத் தூரம் கட்டுபடியாகாது.

கிளம்பும் முன் செல்போனில் மூன்று விஷயம் பாருங்கள்: அலையின் உயரம், இடைவெளி விநாடி, காற்றின் திசை. எல்லாரும் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். "ஒன்றரை மீட்டர், 6 விநாடி, வடகிழக்குக் காற்று 25 கிலோமீட்டர்" என்று மாமல்லபுரத்துக்குக் காட்டினால் வீட்டிலேயே படுத்துத் தூங்கலாம். "ஒரு மீட்டர், 13 விநாடி, மேற்குக் காற்று 10" என்று காட்டினால் தூங்கவே கூடாது. அதில் மேற்கு என்பது மேற்கிலிருந்து வரும் காற்று. நம் முன்னோர் வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று பெயர் வைத்ததும் வரும் திசையைப் பார்த்துத்தான், அதனால் நமக்குக் குழப்பம் வரக்கூடாது.

என் அனுபவம் ஒன்று. ஒரு கரையில், எந்தக் கடை என்று சொல்லவில்லை, வாடகைக்குக் கொடுத்த போர்டில் காலில் கட்டும் லீஷ் நைந்திருந்தது. போர்டின் வால் பக்கம் கயிறு நூல்நூலாகப் பிரிந்திருந்ததை நான் பார்த்தும் கேட்காமல் இறங்கினேன். மூன்றாவது அலையில் அறுந்தது. போர்டு கரைக்குப் போனது, நான் இழுவை நீரோட்டத்தில் உள்ளே போனேன். கரையைப் பார்த்து நேராக அடித்து நீந்தியதில் கை சோர்ந்ததுதான் மிச்சம். பயிற்சியாளர் ஒருவர் கையைப் பக்கவாட்டில் வீசிக் காட்டினார். கரைக்கு இணையாக நாற்பது ஐம்பது அடி நீந்தியதும் இழுவை விட்டது, நுரை வரும் இடத்துக்கு வந்தேன், அலையே கரையில் தள்ளியது. நடுவில் ஓர் அலை என்னை அமுக்கி வைத்தது. ஒரு யுகம் மாதிரி இருந்தது. உண்மையில் எட்டு விநாடி, மிஞ்சினால் பத்து. கிணற்றில் மூச்சடக்கிப் பழகியிருந்தது அன்றைக்குக் காப்பாற்றியது. இப்போது லீஷை இரண்டு முனையிலும் இழுத்துப் பார்க்காமல் நான் தண்ணீரில் கால் வைப்பதில்லை.

சரி, என் முடிவு என்ன? நின்று ஓட்டத் தெரிந்தவர்களுக்கு ஆனி முதல் ஆவணி வரை மாமல்லபுரம், வேறெதையும் யோசிக்கவேண்டாம். மார்கழி விடுமுறைக்குக் குடும்பத்தோடு என்றால் வர்க்கலா. நான்கைந்து நாள் கிடைத்தால் முல்கி. முதல் முறை போர்டைத் தொடுகிறவர்களுக்கு மட்டும் நான் மாசி, பங்குனியில் மாமல்லபுரத்தைத்தான் சொல்வேன். அலை முழங்காலளவு, அடியில் மணல், மழை கிடையாது, வெயில் இன்னும் கொளுத்த ஆரம்பித்திருக்காது. எட்டடி, ஒன்பதடி நீளமுள்ள மெத்தென்ற போர்டில் நுரையிலேயே எழுந்து நின்றுவிடலாம்.

என் மகளுக்குப் பத்து வயது. வருகிற மாசியில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். நீச்சல் நன்றாக வருகிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கிணற்றில் மூச்சுப் பிடித்து முங்கிப் பழகுகிறாள், நான் படியில் உட்கார்ந்து சத்தமாக எண்ணுகிறேன். போன வாரம் இருபது வரை வந்தாள்.