தினம் ஒரு குறுக்கெழுத்து: அமெரிக்கக் கட்டமா, கிரிப்டிக்கா, தமிழா?

தினமும் அரை மணி நேரம் குறுக்கெழுத்துக்கு ஒதுக்குவது என்று முடிவு செய்தவருக்கு, எதைப் போடுவது என்பதுதான் அடுத்த கேள்வி. கைக்கு எட்டும் தூரத்தில் மூன்று இருக்கின்றன: நியூயார்க் டைம்ஸின் அமெரிக்க வகை, 'தி இந்து' ஆங்கில நாளிதழில் வரும் பிரிட்டிஷ் பாணி கிரிப்டிக் (குறிப்பே ஒரு சொல் விளையாட்டாக இருக்கும் வகை), வார இதழ்களிலும் நாளிதழ் இணைப்புகளிலும் வரும் தமிழ்க் குறுக்கெழுத்து. பொழுதுபோக்க எதுவானாலும் சரி. ஏதாவது கற்றுக்கொள்ளவும் வேண்டும் என்றால் மூன்றும் ஒன்றல்ல.

முதலில் நியூயார்க் டைம்ஸ். 1924இல் குறுக்கெழுத்தை வெட்டி வேலை என்று திட்டி எழுதிய இந்தப் பத்திரிகை, 1942இல் தானே அதை ஆரம்பித்தது. புதிதாக வருபவருக்கு இதில் பெரிய வசதி, திங்கட்கிழமை எளிதாகத் தொடங்கி சனிக்கிழமைவரை படிப்படியாகக் கடினமாகிக்கொண்டே போவது. திங்கள், செவ்வாய் மட்டும் சில மாதம் போட்டுவிட்டு மெல்லப் புதனுக்கு நகரலாம். மற்ற இரண்டிலும் இப்படி ஒரு ஏணி கிடையாது. விளையாடச் சந்தா கட்ட வேண்டும், அது தனிக் கணக்கு.

ஆனால் அமெரிக்கக் கட்டத்துக்கு ஒரு விதி உண்டு. ஒவ்வொரு எழுத்தும் குறுக்கே ஒரு சொல்லிலும் நெடுக்கே ஒரு சொல்லிலும் இருந்தாக வேண்டும். அவ்வளவு நெருக்கமாகப் பின்ன, உயிரெழுத்து நிறைந்த குட்டிச் சொற்கள் தேவைப்படுகின்றன. அதனால்தான் ஓரியோ பிஸ்கட்டும் ஈரி ஏரியும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஊசி வைக்கும் சிறு பெட்டிக்கு 'எட்வீ' என்று ஒரு பிரெஞ்சுச் சொல். கட்டத்துக்கு வெளியே யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. இன்னொரு சங்கடம், குறுக்கே வரும் சொற்களை எல்லாம் போட்டுவிட்டால் நெடுக்கே உள்ள சொல் தானாக நிரம்பிவிடும். அதன் குறிப்பைப் படிக்காமலே தாண்டிப் போய்விடலாம். கட்டம் முடிந்திருக்கும், தெரிந்துகொண்டது ஒன்றும் இருக்காது.

அப்புறம், குறிப்புகளில் பாதி அமெரிக்கப் பொது அறிவு. 'ஆர்பிஐ' என்று மூன்று எழுத்து விழுந்தால் நமக்கு ரிசர்வ் வங்கி. அங்கே அது பேஸ்பால் புள்ளிவிவரம். அமெரிக்காவைத் தெரிந்துகொள்ள இது நல்ல வழி. உலகத்தைத் தெரிந்துகொள்ள அல்ல.

கிரிப்டிக் கட்டத்தில் ஏறக்குறைய பாதி எழுத்துகள்தான் இன்னொரு சொல்லோடு வெட்டிக்கொள்ளும். மீதி எழுத்துகளுக்குக் கட்டத்தின் உதவி கிடையாது. அந்த உதவியைக் குறிப்பே செய்கிறது. குறிப்பின் ஒரு முனையில் சொல்லின் நேர்ப்பொருள் இருக்கும்; மீதி, அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகக் கட்டும் வழி. இரண்டும் ஒரே விடைக்கு வந்து சேர வேண்டும். நானே கட்டிய ஒரு தமிழ்க் குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: 'சிவா திரும்பி வந்தால் படி (2)'. அடைப்புக்குறியில் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. சிவாவைத் திருப்பிப் போட்டால் வாசி. படி என்றால் வாசி. வாசற்படியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பொழுது போய்விடும். (சித்தர் பாட்டு படித்தவர்களுக்கு சிவாவும் வாசியும் பழைய கூட்டாளிகள்.)

இன்னொன்று: 'குரங்கும் மாதமும் சேர்ந்தால் பாட்டு (3)'. மாதம் என்பது தை என்று பிடித்துவிட்டால் கவிதை என்று ஊகிக்கலாம். ஆனால் குரங்குக்குக் கவி என்று பெயர் உண்டா? அகராதியைத் திறந்தால் உண்டு. கம்பராமாயணத்தில் வானரங்களைக் கவி என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. கிரிப்டிக்கின் பலமே இதுதான். விடை முதலில் கிடைக்கிறது, பொருளைத் தேடிப் போவது பிறகு. சரிபார்க்கப் போனது என்பதால் அந்தப் பொருள் மனதில் நிற்கிறது.

ஆங்கிலக் கிரிப்டிக்கில் இதற்கு முன்பணம் கட்டியாக வேண்டும். மாலுமி என்றால் 'டார்', தொழிலாளி என்றால் 'ஆன்ட்', 'ஃப்ளவர்' என்றால் பூ மட்டுமல்ல, 'ஃப்ளோ' ஆகிற ஆறும்தான் என்று ஒரு நீண்ட மரபுப் பட்டியல் இருக்கிறது. முதல் சில வாரங்கள் எரிச்சல்தான் வரும். 'தி இந்து'வில் கிரிட்மேன் போன்ற புனைபெயர்களில் புதிர் அமைப்பவர்கள் மாறி மாறி வருவதால், கிழமையைப் பார்த்துக் கடினத்தைச் சொல்ல முடியாது. ஆளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நமக்கு ஒரு சலுகை: பேஸ்பால் இடத்தில் இங்கே கிரிக்கெட்.

தமிழ்க் குறுக்கெழுத்தில் பெரும்பாலும் நேர்க்குறிப்புகள்தான். 'நதி (3)' என்று போட்டிருப்பார்கள். காவிரியா, கங்கையா, யமுனையா? மூன்றுமே மூன்றெழுத்து. குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, கட்டத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாவது கட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல் தொடங்கினால் கங்கை அடிபட்டுவிடும், ஏனென்றால் மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. இந்த ஒரு விதி பல கட்டங்களில் கைகொடுக்கும். 26 எழுத்துகளில் பின்னுவதும் 247 எழுத்துகளில் பின்னுவதும் ஒன்றல்ல. அதனால்தான் தமிழில் கறுப்புக் கட்டம் அதிகம், வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றெல்லாம் சமாளிப்பு. சினிமாக் குறிப்புகளை எடுத்துவிட்டால் பல புதிர்களில் பாதிதான் மிஞ்சும் என்பது என் குறை.

வருத்தம் என்னவென்றால், கிரிப்டிக்குக் கச்சிதமாகப் பொருந்தும் மொழி தமிழ். ஓரெழுத்து ஒருமொழி 42 என்று நன்னூலே கணக்குச் சொல்கிறது. ஆ என்றால் பசு, கோ என்றால் அரசன், மா என்றால் மாமரம், குதிரை, இன்னும் எத்தனையோ. 'பசுவோடு தாளம் சேர்ந்தால் கோயில் (4)': ஆ, லயம். அதே இடத்துக்கு இன்னொரு வழி, 'அரசன் ஆயுதத்தோடு இருக்கும் சன்னிதி (3)'. விடையை எழுத வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ய வேண்டிய சுருக்கங்களின் வேலையை இங்கே பள்ளிக்கூட இலக்கணமே செய்துவிடுகிறது. தமிழில் கிரிப்டிக் அமைப்பவர்கள் இல்லாமல் இல்லை. தினமும் காலையில் வாசலுக்கு வரும் பேப்பரில்தான் அது கிடைப்பதில்லை.

என்னைக் கேட்டால், ஆங்கிலச் சொல்வளம் மட்டும் போதும் என்பவர் நியூயார்க் டைம்ஸில் திங்கள் முதல் புதன்வரை போடலாம். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் தமிழ்க் கட்டத்தைச் சேர்ந்து போடுங்கள். எனக்குக் கிரிப்டிக்தான். முதல் மாதம் அதைத் தீர்க்கவே முயல வேண்டாம். நேற்றைய குறிப்புகளையும் இன்றைய பேப்பரில் வரும் விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு விடையும் எப்படி வந்தது என்று பென்சிலால் பிரித்துப் பாருங்கள். பத்தில் நான்கு பிடிபட ஆரம்பித்ததும் அன்றைய கட்டத்தில் கை வைக்கலாம்.