புளி மண்டிக்கு ஓவர்டிராஃப்ட்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் புளி வாங்கி விற்கும் என்னைப் போன்ற சிறு வியாபாரிக்குக் கிடைக்கும் கடன்களில், வட்டிச் செலவு மிகக் குறைவானது ஓவர்டிராஃப்ட்தான்; வங்கி வகுத்த வரம்புவரை வேண்டியபோது எடுத்து, பணம் வந்தபோது கட்டிக்கொள்ளும் கடன் வசதி அது, சுருக்கமாக ‘ஓடி’ என்போம். நெருக்கடி நேரத்தில் முதலில் கைவிட்டுப் போகக்கூடியதும் அதுதான். 2013 முதல் 2025 வரை ஒரே வங்கியின் ஒரே கிளையில் இந்த வசதியைப் பயன்படுத்தியிருக்கிறேன். வங்கியின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. மண்டித் தெருவில் பேசிப் பார்த்த வரையில், வேறு வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவர்களின் கடன் ஒப்புதல் கடிதத்திலும் ஏறக்குறைய இதே நிபந்தனைகள்தான் இருக்கின்றன.

புளி வியாபாரத்துக்கு இந்த வசதி ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். தை கடைசியில் தொடங்கும் வரத்து மாசி, பங்குனியில் உச்சத்துக்குப் போய்ச் சித்திரையில் தணிந்துவிடும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்திலிருந்து வரும் புளியை அந்தக் காலத்துக்குள் வாங்கி, ஓடு நீக்கி, நார் எடுத்து, கொட்டை தட்டி, குளிர்பதனக் கிடங்கில் ஏற்றிவிட வேண்டும். வெளியில் கிடக்கும் புளி நாள்பட நாள்படக் கறுக்கும், கறுத்த புளிக்கு விலை விழும். விற்பனையோ அடுத்த தை வரை சிறுகச் சிறுக நடக்கும். ஆக, ஆண்டு முழுவதும் திரும்பி வரப்போகும் பணத்தை மூன்று நான்கு மாதங்களுக்குள் வெளியே இறக்க வேண்டிய தொழில் இது. தவணைக் கடன் இதற்கு ஒத்துவராது; தேவைப்படாத ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வாங்கிய முழுத்தொகைக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

ஓடியில் அந்தத் தொல்லை இல்லை. அன்றன்றைய நிலுவைக்கு மட்டுமே வட்டி. 10 லட்சம் ரூபாயை 10 நாள் பயன்படுத்தினால், ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் ஏறக்குறைய 2,740 ரூபாய் ஆகும். அதே தொகையை ஊருக்குள் இரண்டு வட்டிக்கு, அதாவது மாதத்துக்கு நூற்றுக்கு 2 ரூபாய் வீதம் எடுத்தால், பத்தே நாளில் திருப்பிக் கொடுத்தாலும் முழு மாதக் கணக்கு என்று 20,000 ரூபாயை எடுத்துக்கொள்வார்கள். சென்னை, சேலம் கடைகளிலிருந்து வசூல் வந்து விழுந்த அன்றே நிலுவை குறைந்து, வட்டியும் குறைவதை நான் ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் எந்தக் குறையும் இல்லை.

குறை தொடங்குவது வரம்பைக் கணக்கிடும் இடத்தில். சிறு தொழில்களுக்கு ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு வகுத்த முறையில், எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனத் தேவை, அதாவது அன்றாட வியாபாரத்தை ஓட்டத் தேவையான பணம், என்று கொண்டு, அதில் 20 சதவீதத்தை வங்கியும் 5 சதவீதத்தை வியாபாரியும் போட வேண்டும். என் விற்பனை ஒன்றேகால் கோடி என்பதால் எனக்கு வரம்பு 25 லட்சமாக அமைந்தது. மூலதனம் ஆண்டுக்கு நான்கு முறை சுழலும் என்ற அனுமானத்தின் மேல் நிற்கும் கணக்கு இது. மளிகைக் கடைக்கு அது சரி. ஆண்டுக் கொள்முதல் முழுவதையும் ஒரே பருவத்தில் முடிக்கும் புளிக்கும், கோடையில் ஓடும் மாங்கூழ் ஆலைக்கும் அது பொருந்தவே பொருந்தாது. பருவ காலத்துக்கென்று தனியாகக் கூடுதல் வரம்பு கொடுக்க வங்கிகளுக்கு வழி உண்டு. ஆனால் வியாபாரி கேட்டால்தான் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

வரம்பு 25 லட்சம் என்பதால் 25 லட்சத்தையும் எடுத்துவிட முடியாது. மாதந்தோறும் கொடுக்கும் இருப்பு அறிக்கையை வைத்து எடுக்கத்தக்க தொகையைக் கணக்கிடுவார்கள். கிடங்கில் 30 லட்சத்துக்குச் சரக்கு இருந்து, அதில் 4 லட்சம் விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி என்றால், மீதி 26 லட்சத்தில் 25 சதவீதம் கழித்து 19.5 லட்சம்தான் எடுக்கலாம். கிளையிலிருந்து ஆண்டுக்கு ஓரிரு முறை வந்து மூட்டையை எண்ணுவார்கள். குளிர்பதன அறைக்குள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபடி எண்ணிய அதிகாரிகளும் உண்டு, வாசலிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. இதிலெல்லாம் எனக்கு ஆட்சேபம் இல்லை. கடன் கொடுத்தவர் சரக்கைப் பார்க்கத்தான் வேண்டும்.

2025 பிப்ரவரி கடைசியில், வரத்து ஏறிக்கொண்டிருந்த வாரத்தில், அந்த 25 லட்சம் வரம்பு பூஜ்யமாக்கப்பட்டது. கடிதம் இல்லை, குறுஞ்செய்தி இல்லை, கிளையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்புகூட இல்லை. அப்போது நான் எடுத்திருந்தது 14 லட்சம். மீதி 11 லட்சத்தை நம்பி விவசாயிகளுக்குக் காசோலைகள் கொடுத்திருந்தேன். செய்தி என்னை வந்தடைந்தது வங்கி வழியாக அல்ல, அஞ்செட்டி பக்கத்து விவசாயி ஒருவர் அழைத்து, “ணா, செக்கு திரும்பி வந்துடுச்சுன்னு பேங்க்ல சொல்றாங்கணா, என்ன பண்றது?” என்று கேட்டார். கிளைக்குப் போனபோது மேலாளர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வரம்பு என்ற இடத்தில் பூஜ்யம், அதற்குக் கீழே நிலுவை 14 லட்சம் சிவப்பில், முழுவதும் மிகைநிலுவை, அதாவது வரம்பை மீறிய கடன், என்று. “சிஸ்டமே எடுத்துடுச்சுங்க, எங்க கையில ஒண்ணுமில்லைங்க” என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

பிறகு விசாரித்ததில் தெரிய வந்த காரணம் இது. ஆண்டுப் புதுப்பித்தலை இப்போது மண்டல அலுவலகத்தில் மென்பொருளை வைத்துச் செய்கிறார்கள். அது ஜிஎஸ்டி தாக்கலில் உள்ள வரிக்குரிய விற்பனையை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறது. உலர்ந்த புளிக்கு இருந்த 5 சதவீத வரி 2019 அக்டோபர் முதல் நீக்கப்பட்டுவிட்டது. நான் ஓரமாக விற்கும் மிளகாய் வற்றலுக்கு மட்டும்தான் வரி. ஆகவே ஒன்றேகால் கோடி விற்பனை உள்ள மண்டி, மென்பொருளின் கண்ணுக்குச் சில லட்சம் விற்கும் மிளகாய்க் கடையாகத் தெரிந்திருக்கிறது. வரி விலக்குள்ள விற்பனையும் அதே தாக்கலில் வேறொரு கட்டத்தில் இருக்கிறது. அதை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. புளி, காய்கறி என்று வரியில்லாச் சரக்கு விற்பவர்கள், புதுப்பித்தல் விண்ணப்பத்தோடு மொத்த விற்பனைக்கான தணிக்கையாளர் சான்றையும் சேர்த்தே கொடுத்துக் கையொப்பத்துடன் ஒப்புகை வாங்கிக்கொள்வது நல்லது.

வரம்பு போன அடியைவிடத் திரும்பிய காசோலைகளின் அடி பெரிது. செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவு, கணக்கில் பணம் போதாததால் திரும்பும் காசோலையை மட்டும் குறிப்பிடவில்லை. வங்கியோடு செய்த ஏற்பாட்டின்படி எடுக்கத்தக்க தொகையை மீறுவதால் திரும்பும் காசோலையையும் சேர்த்தே குற்றமாக்குகிறது. வங்கி ஏற்பாட்டை ரத்து செய்தது தெரியாமலேயே அந்த மீறலுக்குள் விழுந்துவிடலாம். காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் பெற்றவர் அறிவிப்பு அனுப்பலாம். அறிவிப்பு கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் வழக்கு இல்லை. தவறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையில் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். என் விவசாயிகள் அறிவிப்பு அனுப்பவில்லை, ஆண்டுக்கணக்கான பழக்கம் காப்பாற்றியது. வீட்டு நகையை அடகு வைத்தும் மைத்துனரிடம் கைமாற்று வாங்கியும் அவர்களுக்குக் கொடுத்து முடித்தேன். புளி தட்டும் பெண்களுக்குச் சனிக்கிழமைக் கூலியை நிறுத்தவில்லை, ஆனால் அந்தப் பருவத்தின் மிச்சக் கொள்முதலைப் பாதிக்கு மேல் விட்டுவிட்டேன்.

சட்டப்படி வங்கி செய்தது சரியா என்ற கேள்விக்கு நேரடியான பதில் ஒன்று கிடையாது. இந்த இடத்தில்தான் பலர் குழம்பிப்போகிறார்கள். ஒப்புதல் கடிதத்தை எடுத்துப் படித்தால், பயன்படுத்தாத வரம்பை எந்த நேரத்திலும், முன்னறிவிப்பின்றி, நிபந்தனையின்றி ரத்து செய்ய வங்கிக்கு உரிமை உண்டு என்று ஒரு வாசகம் பெரும்பாலும் இருக்கும். வங்கி எவ்வளவு மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் பேசல் விதிகளின்படி, அப்படி ரத்து செய்யத்தக்க வரம்புக்கு எதிராக வங்கி மூலதனம் ஒதுக்க வேண்டியதில்லை, அல்லது மிகக் குறைவாக ஒதுக்கினால் போதும். அந்த வாசகம் எல்லாக் கடிதத்திலும் அச்சடித்து வருவதற்கு அதுவே காரணம், வியாபாரியின் நடத்தை அல்ல. ஆகவே என் 11 லட்சத்தைப் பொறுத்தவரை வங்கிக்குக் காகிதத்தின் பலம் இருந்தது. எடுத்துவிட்ட 14 லட்சத்தின் கதை வேறு. ரிசர்வ் வங்கி 2003 மே மாதம் கடன் கொடுப்போருக்கு வகுத்த நியாய நடைமுறை விதிகளில், கடனைத் திரும்பக் கேட்கும் முன் ஒப்பந்தத்தில் சொன்ன கால அளவுக்கு, அப்படி ஒன்று சொல்லப்படாவிட்டால் நியாயமான கால அளவுக்கு, அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. வரம்பைப் பூஜ்யமாக்கி, ஒரே இரவில் 14 லட்சத்தையும் மிகைநிலுவை என்று காட்டுவது, அறிவிப்பில்லாமல் கடனைத் திரும்பக் கேட்பதுதான். அந்த நிலை தொடர்ந்து 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும் என்பதால், இது வெறும் சொல் விளையாட்டு அல்ல.

முறையீட்டையும் இந்த வேறுபாட்டை வைத்தே எழுத வேண்டும். நான் புகார் கொடுத்தபோது நடப்பில் இருந்த ரிசர்வ் வங்கியின் 2021ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் வங்கியின் வணிக முடிவுகளைப் பற்றிய புகார்கள் ஏற்கப்படவில்லை. “என் வரம்பை ஏன் குறைத்தீர்கள்?” என்று எழுதினால், அது வணிக முடிவு என்று சொல்லி மூடிவிடலாம். ஆகவே நான் அதைக் கேட்கவே இல்லை. முன்னறிவிப்பு எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு, எந்த வழியில் அனுப்பப்பட்டது, காசோலை திரும்பியதற்கும் மிகைநிலுவைக்கும் பிடித்த கட்டணங்கள் எந்த விதிப்படி, இவ்வளவுதான் கேட்டேன். முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவு தராவிட்டாலோ குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. என் புகார் அங்கே பதிவான பிறகுதான் வங்கியின் பொறுப்பு அதிகாரி அழைத்தார். பிடித்த கட்டணங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். நிலுவையைத் தவணைகளில் கட்ட அவகாசம் கொடுத்து, மிகைநிலுவைக் குறியீட்டையும் நீக்கினார்கள். பழைய வரம்பு திரும்பவில்லை. மன்னிப்பு என்று ஒரு வரி வரும் என நான் எதிர்பார்க்கவும் இல்லை.

மாவட்டத் தொழில் மையத்திலும், மாவட்ட வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடமும் மனுக் கொடுத்துப் பார்த்தேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு வங்கி என் கடனை எடுத்துக்கொள்ள முன்வந்தபோது, பழைய வங்கி முன்கூட்டிக் கணக்கை முடிப்பதற்கான கட்டணம் என்று ஒரு தொகையைக் கேட்டது. வரம்பைத் தானே பறித்துக்கொண்டு, போகிறவனிடம் போகும் கட்டணமும் கேட்ட துணிச்சலை இப்போது நினைத்தாலும் சிரிப்புத்தான் வருகிறது. எழுத்தில் எதிர்த்த பிறகு விட்டுக்கொடுத்தார்கள். 2026 ஜனவரி 1 முதல் ஒப்புதல் பெறும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களில், வங்கியின் வற்புறுத்தலால் முன்கூட்டி அடைக்கப்படும் கடனுக்கு இப்படிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்திருப்பதால், இனி இந்த வாதத்துக்கே இடமிருக்காது.

புதிய வங்கியில் பயன்படுத்தாத வரம்பை ரத்து செய்யும் வாசகத்தை நீக்கச் சொல்லிக் கேட்டேன். தலைமை அலுவலக அச்சு, மாற்ற முடியாது என்றார்கள். எடுத்த தொகையைத் திரும்பக் கேட்பதற்கு 30 நாள் அறிவிப்பு என்று தனிப்பத்தியாகச் சேர்க்கச் சம்மதித்தார்கள். இந்தக் காலக்கெடுவைக் கேட்டு வாங்க முடியும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. பருவ வரம்பாகத் தையிலிருந்து சித்திரை வரை 10 லட்சம் கூடுதலாகவும் கிடைத்திருக்கிறது. விவசாயிக்கு ஓடிக் கணக்கின் மேல் முன்தேதியிட்ட காசோலை கொடுப்பதை முற்றிலும் நிறுத்திவிட்டேன். எடை போட்ட அன்றே பணத்தை அவர் கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன், வரம்பு இல்லையென்றால் அனுப்பும்போதே தெரிந்துவிடும், அவரும் சரக்கை வண்டியிலிருந்து இறக்கியிருக்க மாட்டார். குளிர்பதனக் கிடங்கில் ஏற்றிய புளியின் ரசீதை ஈடாக வைத்து இன்னொரு வங்கியில் தனிக்கடன் எடுத்திருக்கிறேன். அதற்கு வட்டி ஓடியைவிடச் சற்று அதிகம், ஆனால் மூட்டை உள்ளே இருக்கும் வரை, சொன்ன தவணைக்கு முன்னால் அதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.