சுங்கை சிப்புட் நர்சரி: ரோஜா வாங்கப் போகிறவர்கள் பின்பக்கம் போங்கள்

சீனப் பெருநாள் நெருங்கினால், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் நர்சரி வாசலில் இரண்டுதான் நிற்கும். காய் குலுங்கும் லிமாவ் (எலுமிச்சை இனச் செடி) தொட்டி, கேமரன் மலையிலிருந்து லாரியில் வந்திறங்கிய ரோஜாத் தொட்டி. பொங்கலுக்கு விற்று மிஞ்சிய மஞ்சள் கொத்தெல்லாம் அதற்குள் ஓரத்துக்குப் போயிருக்கும். அம்மா வருஷா வருஷம் அந்த ரோஜாவை ஆசையாக வாங்குவார். வருஷா வருஷம் அது இலை மஞ்சளித்து, கரும்புள்ளி விழுந்து, பெருநாள் முடிவதற்குள் வெறுங்குச்சியாகும். இந்த முறை நானே கண்ணால் பார்த்தேன், வயிறு எரிந்தது.

கேமரன் மலையின் தானா ராத்தாவில் 1,400 மீட்டர் உயரத்துக் குளிரில் வளர்ந்த செடி அது. கீழே நம் ஊரில் பகல் 33 டிகிரி, சாயங்காலம் மழை, ராத்திரி முழுக்க இலை காயாது. இலை ஏழு மணி நேரம் ஈரமாக இருந்தாலே கரும்புள்ளிப் பூஞ்சை உள்ளே இறங்கிவிடும். விற்கிறவர் இதை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? "தண்ணி நல்லா ஊத்துங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். நான் இப்போது இருக்கும் மெல்பர்னில், செடி வாங்கும் கடையில் எவ்வளவு வெயில் வேண்டும், எவ்வளவு இடம் வேண்டும் என்று செடிக்குச் செடி அட்டை தொங்கும்.

கேட்டுவிடலாம் என்று போனேன். கல்லாவில் இருந்த தம்பி, "பின்னால அக்கா இருக்காங்க, அவங்கள கேளுங்கண்ணே" என்றார்.

பின்னால் எரு மூட்டைகளைத் தாண்டி, கறுப்பு வலைக்குக் கீழே வரிசை வரிசையாக நாட்டு ரோஜாக் கன்றுகள். நடுவில் ஒரு முக்காலி, சுற்றி நாலைந்து பெண்கள். ரோஜாவுக்கு ஒட்டுக் கட்டும் வகுப்பு, அதாவது ஒரு செடியின் துளிர் மொட்டை (பூ மொட்டு இல்லை) இன்னொரு செடியின் தண்டில் பொருத்தி வளர்க்கும் வகுப்பு நடந்துகொண்டிருந்தது! சொல்லிக்கொடுத்த அக்கா, ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வருவதற்கு முன்னால் தோட்டத்து நர்சரியில் ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டியவர். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரப்பர் ரகத்தில் கன்று எத்தனை ஆயிரம் அந்தக் கையால் போனதோ.

"ரப்பர்ல வெட்டின உடனே பால் வடியும் தம்பி. அதைத் தொடச்சிட்டுத்தான் மொட்டு வைக்கணும். ரோஜாவுல அந்தத் தொல்லை இல்ல" என்று சொல்லிக்கொண்டே நாட்டுக் கன்றின் தண்டில் டி போலக் கீறினார். கத்தி முனையால் பட்டையை லேசாக நெம்பி, சுண்டுவிரல் நகமளவு பட்டையோடு எடுத்த மொட்டை மேலிருந்து உள்ளே இறக்கினார். மொட்டின் கீழே இலைக்காம்பை மட்டும் கொஞ்சம் விட்டிருந்தார். பிளாஸ்டிக் நாடாவை இழுத்துச் சுற்றியபோது மொட்டின் கண் மட்டும் வெளியே தெரிந்தது. எல்லாம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

காம்பை ஏன் விட்டார் என்று கேட்டேன். "மூணு வாரம் கழிச்சுத் தொட்டுப் பாருங்க. தானா உதிர்ந்தா ஒட்டு பிடிச்சிருச்சு. காஞ்சு ஒட்டிக்கிட்டே இருந்தா போச்சு, வேற மொட்டு வைங்க." நான் கட்டிய முதல் மொட்டின் நாடாவை அவிழ்த்து, இன்னும் இறுக்கச் சொல்லி மறுபடி கட்டவைத்தார்.

மெல்பர்னுக்குப் பக்கத்தில் வெரிபியில் இருக்கும் விக்டோரியா மாநில ரோஜாத் தோட்டத்தில் 5,000 செடிக்கு மேல் உண்டு. தன்னார்வலர்கள் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஜூலைக் குளிரில் செடி தூங்கும்போது வெட்டக் கற்றுக்கொள்ளலாம், மண்ணில்லாத வேர்ச்செடியும் அப்போதுதான் வாங்கலாம். நம் ஊரில் செடி தூங்குவதே இல்லை. பட்டை உரிகிற பதத்தில் இருந்தால், அடைமழை மாசம் தவிர எந்த மாசமும் ஒட்டுக் கட்டலாம். இத்தனை வருஷம் அங்கே இருந்தும் என் கையில் கத்தியைக் கொடுத்து ஒருவரும் இதைச் சொல்லித்தரவில்லை.

என் ஆத்திரமெல்லாம் வாசல் பலகை மேல்தான். கண்ணாடிக் குடுவைச் செடி வகுப்பு, பாசிப் பந்து வகுப்பு எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அக்காவின் வகுப்புக்கு ஒரு வரி கிடையாது. வெயில் தாங்கும் அந்த ஒட்டுச் செடிகளும் பின்னாலேயே கிடக்கின்றன. தோட்டத்து வேலையில் கற்ற கைத்திறன் இந்த ஊரில் இன்னும் எத்தனை பேரிடம் மிச்சமிருக்கிறது? முதலாளி தமிழ் படிப்பவர் என்றால், அந்தப் பலகையைத் தமிழிலும் எழுதி முன்னால் மாட்டுங்கள் ஐயா.

ஊருக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை காலையில் போங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் ஒட்டு அழுகும் என்று அக்கா வகுப்பு எடுப்பதில்லை. கத்தி, நாடா அவரே தருவார். கட்டிய கன்றை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவர முடியாது, விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். வீட்டில் யாரிடமாவது கொடுத்து, மூன்று வாரம் கழித்துக் காம்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.