அல்ஜீப்ரா டைல்ஸ் பெட்டி: ஒன்பதாம் வகுப்புக்கு வாங்கலாமா?

இயற்கணிதக் கோவைகளைத் துண்டுகளாக அடுக்கிக் காரணிப்படுத்தக் கற்றுக்கொடுக்க, நாகர்கோவிலில் ஒரு ஸ்டேஷனரி கடையில் வாங்கிய ஃபோம் பெட்டி இது. உள்ளே 5 செ.மீ. பக்கமுள்ள பெரிய சதுரம் 4, அதே நீளத்தில் 1 செ.மீ. அகலப் பட்டை 12, 1 செ.மீ. குட்டிச் சதுரம் 20. பெரிய சதுரம் எக்ஸ்², பட்டை எக்ஸ், குட்டி 1. ஒரு முகம் பச்சை, அது மிகை (+). மறுமுகம் சிவப்பு, அது குறை (−). நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி சரியாக இருக்கும்.

எக்ஸ்² + 7எக்ஸ் + 12-ஐ எடுத்துக்கொள்வோம். இதற்குரிய துண்டுகளையெல்லாம் ஒரே செவ்வகமாக அடுக்க வேண்டும்; அதன் இரு பக்கங்கள்தான் காரணிகள். 1 சதுரம், 7 பட்டை, 12 குட்டி எண்ணி எடுத்ததும் பெட்டியை மூடிவிட வேண்டும். இதை விட்டால் பாடமே கெட்டுவிடும். 12 குட்டிகளை 2-க்கு 6 என்று அடுக்குகிற பிள்ளைக்கு 8 பட்டை தேவைப்படும். பெட்டி திறந்திருந்தால் எட்டாவதை எடுத்து வைத்து, செவ்வகம் வந்துவிட்டது என்று கையைத் தூக்கும். ஏழே பட்டை என்றால் 3-க்கு 4 மட்டும்தான் பொருந்தும். பெருக்கினால் 12, கூட்டினால் 7 வரும் இரு எண்களைத் தேடச் சொல்வது ஏன் என்பது அந்த இடத்தில்தான் கண்ணில் படுகிறது. செவ்வகத்தின் பக்கங்கள் எக்ஸ் + 3, எக்ஸ் + 4.

பெட்டியின் பெரிய குறைபாடு அளவில் இருக்கிறது. பட்டையின் நீளத்துக்கு ஐந்து குட்டிகள் கச்சிதமாக உட்காருகின்றன. உடனே 'எக்ஸ் என்றால் 5' என்று பிள்ளைகள் முடிவு கட்டி, ஒரு பட்டைக்குப் பதில் ஐந்து குட்டிகளை வைப்பார்கள். கத்தரிக்கோலால் பட்டைகளை 4.7 செ.மீ.க்கு நறுக்கி, பெரிய சதுரங்களையும் அதே அளவுக்கு இரு பக்கம் குறைத்தால் தொல்லை தீரும். முழு எண் மடங்காக வரக்கூடாது, அவ்வளவுதான். தயாரிப்பாளர் செய்திருக்க வேண்டிய வேலை இது.

குறை எண் வரும்போது கூடவே தந்திருக்கும் துண்டுத்தாள் கைவிரித்துவிடுகிறது. எக்ஸ்² + எக்ஸ் − 6-க்கு 6 சிவப்புக் குட்டியும் ஒரே பச்சைப் பட்டையும். செவ்வகம் எப்படி அமையும்? ஒரு பச்சையும் ஒரு சிவப்பும் சேர்ந்தால் பூச்சியம். அப்படி இரண்டு ஜோடி பட்டைகளைச் சேர்த்தால் மதிப்பு மாறாது. இப்போது ஒரு பக்கம் 3 பச்சை, மறுபக்கம் 2 சிவப்பு, மூலையில் 6 சிவப்புக் குட்டி: (எக்ஸ் + 3)(எக்ஸ் − 2). நடு உறுப்பைப் பிரித்து எழுதுவதும் இதேதான்.

3எக்ஸ்² + 10எக்ஸ் + 8 வரை பெட்டி தாங்கும். 6எக்ஸ்² + 11எக்ஸ் − 10-க்கு ஆறு பெரிய சதுரம் வேண்டும், இருப்பது நான்கு. இரண்டு பீரியடுக்கு மேல் டைல்ஸை இழுக்காமல் நோட்டில் நான்கு கட்டப் பெட்டி (இரண்டுக்கு இரண்டு கட்டம், கட்டத்துக்கு ஓர் உறுப்பு) போட்டுவிடலாம். 6-ஐ −10-ஆல் பெருக்கினால் −60. பெருக்கினால் அது, கூட்டினால் 11 வருவது 15, −4; ஆகவே 11எக்ஸ் என்பதை 15எக்ஸ் − 4எக்ஸ் என்று பிரிக்கலாம். அப்புறம் 3எக்ஸ்(2எக்ஸ் + 5) − 2(2எக்ஸ் + 5). பாதி வகுப்பு சறுக்குவது அந்த −2-ஐ வெளியே எடுக்கும்போதுதான்; உள்ளே −10-க்கு +5 வர வேண்டியதை −5 என்று எழுதிவிடுவார்கள். நான்கு கட்டத்தில் எழுதினால் பக்கத்து எண் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு அடுக்கச் சொல்லுங்கள், குட்டிகள் பறக்கும். 40 பேர் வகுப்புக்குப் பத்துப் பெட்டி வாங்குவதைவிட ஒன்றை மாதிரிக்கு வாங்கி, மற்றதை ஃபோம் ஷீட்டில் 4.7 செ.மீ. கணக்கில் வெட்டிக்கொள்வது நல்லது.