எம்ஜிபிக்கு அகல டயர்: பன்ஹார்ட் ராடா, காயில் ஸ்பிரிங்கா?

ஊட்டி–மசினகுடி கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 1962-இல் வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்கம் அகல டயர் போட்டு அங்கே ஓட்டினால், வளைவில் பின் அச்சைத் தாங்கும் பட்டை வில்லான லீஃப் ஸ்பிரிங் பக்கவாட்டில் நெளிந்து டயர் மட்கார்டு விளிம்பில் உரசக்கூடும்.

ஸ்பிரிங்கை அப்படியே வைத்து, அச்சுக்கும் பாடிக்கும் குறுக்கே, அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பன்ஹார்ட் ராடு போடுவது முதல் வழி. ராடு நீளமாகவும், வண்டி நிற்கும் உயரத்தில் கிடைமட்டமாகவும் இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் சக்கரம் ஏறி இறங்கும்போது அச்சையே ஒரு பக்கம் இழுக்கும்.

இரண்டாவது வழியாகக் காயில் ஸ்பிரிங்குக்கு, அதாவது சுருள் வில்லுக்கு, மாறினால் லீஃப் இருந்த இடமும் டயருக்குக் கிடைக்கும், சரி. ஆனால் அச்சைப் பிடிக்கத் தனி லிங்குகள் (இணைப்புத் தண்டுகள்) வேண்டும். எடை புதிய இடத்தில் விழுவதால் பாடியை வெல்டிங் செய்து பலப்படுத்த வேண்டும். மலை மழையில் துருவேறிய பழைய தகட்டில் அந்த வெல்டிங்கை நான் நம்பமாட்டேன். என் ஓட்டு ராடுக்குத்தான்; அப்புறம் மட்கார்டு விளிம்பை உள்ளே மடித்துவிடுவேன்.