எல்ட்ரிச் நைட்: சொந்த மந்திரவீரனை வடிவமைக்க எந்த அளவு உதவும்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் வாளும் மந்திரமும் சேர்ந்த ஒரு சப்கிளாஸை (பாத்திர வகையான கிளாஸின் உட்பிரிவை) சொந்தமாக உருவாக்க உட்காருபவர், முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஃபைட்டர் (போர்வீரர்) கிளாஸின் எல்ட்ரிச் நைட்டைத்தான். 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ஒரு வடிவம், 2024 ஹேண்ட்புக்கில் திருத்திய வடிவம் என இரண்டு இருக்கின்றன. இதை விளையாடிப் பார்க்க நன்றாக இருக்குமா என்பது வேறு கேள்வி. ஹோம்ப்ரூ (சொந்தமாக விதி எழுதுவது) செய்பவர் இதிலிருந்து எதை அப்படியே எடுக்கலாம், எதை விட்டுவிடலாம், எங்கே கை வைத்தால் சமநிலை குலையும் என்பதுதான் இங்கே பேச்சு. வாளும் மந்திரமும், ஒரு டர்னில் (ஒருவரின் முறையில்) கிடைக்கும் முதன்மைச் செயலான ஒரே ஆக்‌ஷனை எப்படிப் பங்கு போடுகின்றன என்பதில்தான் மந்திரவீரனின் சமநிலை இருக்கிறது. மந்திரப் பட்டியலுக்கு இரண்டாம் இடம்தான். 2014 வடிவம் இதைக் கோட்டைவிட்டது, 2024 வடிவம் பிடித்துக்கொண்டது.

முதலில் கை வைக்கவே கூடாத பகுதி: ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும்போது செலவாகும் வாய்ப்பு) அட்டவணை. 3ஆம் லெவலில் முதல்நிலை ஸ்லாட் 2, 4இல் 3, 7இல் முதல்நிலை 4, இரண்டாம்நிலை 2. மூன்றாம்நிலை ஸ்லாட் 13இல் வருகிறது, நான்காம்நிலை ஒன்றே ஒன்று 19இல். 20ஆம் லெவலில் மொத்தம் 11. இது போதவில்லை என்று நினைத்து வாளும் மந்திரமும் தெரிந்த பாலடின், ரேஞ்சர் கிளாஸ்களின் அட்டவணையை ஃபைட்டருக்குக் கொடுப்பதுதான் ஹோம்ப்ரூவில் அடிக்கடி நடக்கும் தவறு. பாலடினுக்கு 5ஆம் லெவலிலேயே இரண்டாம்நிலை மந்திரம் கிடைக்கிறது, 20இல் 15 ஸ்லாட்டுகள் இருக்கும். ஆனால் பாலடினுக்கு 11ஆம் லெவலில் மூன்றாவது அடி கிடையாது, ஆக்‌ஷன் சர்ஜும் (ஒரே டர்னில் இன்னொரு ஆக்‌ஷன்) கிடையாது. இரண்டையும் வைத்திருக்கும் ஃபைட்டருக்கு அந்த அட்டவணையையும் கொடுத்தால், அதே மேசையில் உட்கார்ந்திருக்கும் பாலடினுக்கு வேலை இல்லாமல் போகும்.

ஸ்லாட் எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஷீல்டு மந்திரமே சாட்சி. பிளேட் கவசம் 18, கேடயம் 2, டிஃபென்ஸ் பாணி 1 என ஏசி (கவச எண்) 21 வைத்திருக்கும் வீரரை, தாக்கு எண் +6 உள்ள ஓகர் என்ற எதிரி 20 பக்கப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் உருட்டினால்தான் தொட முடியும், அதாவது 30 சதவீதம். ரியாக்‌ஷனில் (எதிரி அடிக்கும்போதே செய்யும் எதிர்வினையில்) ஷீல்டு போட்டால் ஏசி 26. அப்போது 20 விழுந்தால் மட்டுமே அடி படும். ஒரு நாளில் நான்கு தடவை இது நடக்கலாம், தவறில்லை. ஷார்ட் ரெஸ்டில் (சண்டைகளுக்கு நடுவே எடுக்கும் சிறு ஓய்வில்) ஸ்லாட் திரும்பும்படி ஹோம்ப்ரூவில் எழுதிவிட்டால், இதே வித்தை ஒவ்வொரு சண்டையிலும் வந்து நிற்கும். டிஎம் (ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்) வேறு வழியின்றி எல்லா எதிரிகளின் தாக்கு எண்ணையும் உயர்த்துவார், அதில் அடிவாங்குவது பக்கத்தில் நிற்கும், கவசம் குறைந்த ரோக்.

இனி மையமான பகுதி, 7ஆம் லெவலின் வார் மேஜிக். 2014இல் ஆக்‌ஷனில் ஒரு கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவில்லாத சிறு மந்திரம்) போட்டால், டர்னில் கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனில் ஒரு ஆயுத அடி. 2024இல் அட்டாக் ஆக்‌ஷனில் உள்ள அடிகளில் ஒன்றை விட்டுவிட்டு, அதன் இடத்தில் ஆக்‌ஷன் தேவைப்படும் ஒரு விசார்ட் கேன்ட்ரிப் போடலாம். படிக்கும்போது சின்ன மாற்றம் போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். கிரிட்டிகலை, அதாவது 20 விழும்போது வரும் கூடுதல் சேதத்தை, கணக்கில் சேர்க்க வேண்டாம், ஆயுதம் கிரேட்ஸ்வோர்டு, இன்டெலிஜென்ஸ் 14 என்று வைத்துக்கொள்வோம்.

7ஆம் லெவல், ஸ்ட்ரென்த் 18, எதிரியின் ஏசி 15. ஒரு வாள் அடியின் சராசரி 11, விழும் வாய்ப்பு 65 சதவீதம், ஆக 7.15. இரண்டு அடிக்கு 14.3. ஃபயர் போல்ட் கேன்ட்ரிப் 2டி10 (பத்துப் பக்கப் பகடை இரண்டு), சராசரி 11, வாய்ப்பு 55 சதவீதம், ஆக 6.05. கேன்ட்ரிப்பும் ஒரு அடியும் சேர்ந்தால் 13.2. இரண்டு வடிவத்திலும் எண் இதுதான். ஆனால் 2014இல் போனஸ் ஆக்‌ஷனும் செலவாகிவிடுகிறது, 2024இல் அது கையில் மிஞ்சுகிறது.

11ஆம் லெவலுக்கு வந்தால் 2014 வடிவம் சரிந்துவிடுகிறது. ஸ்ட்ரென்த் 20, ஏசி 17. ஒரு அடி 7.8, மூன்று அடி 23.4. ஃபயர் போல்ட் 3டி10, வாய்ப்பு 50 சதவீதம், 8.25. பழைய வார் மேஜிக்கில் இதோடு ஒரே ஒரு அடிதான் சேரும், மொத்தம் 16 சொச்சம். சும்மா மூன்று முறை வெட்டுவதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. சப்கிளாஸின் முகமாக இருக்க வேண்டிய திறன், கிளாஸின் சொந்த வளர்ச்சியாலேயே செத்துப்போகிறது. புதிய விதியில் இரண்டு அடியும் ஒரு கேன்ட்ரிப்பும் சேர்ந்து 23.85. வெறும் வாளுக்கும் மந்திரம் கலந்த வாளுக்கும் நடுவே வித்தியாசம் அரைப் புள்ளிகூட இல்லை. அதனால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது சூழலைப் பொறுத்த முடிவாகிறது: எதிரி தூரத்தில் நிற்கிறானா, குளிரில் வேகம் குறைக்க வேண்டுமா, ஏசியைத் தவிர்த்து சேவிங் த்ரோவை (மந்திரத்திலிருந்து தப்ப எதிரி உருட்டும் பகடையை) குறிவைக்க வேண்டுமா. ஹோம்ப்ரூவில் நீங்கள் தேட வேண்டிய எண் இந்த மாதிரியானது. உங்கள் திறனை எழுதிய கையோடு 5, 7, 11, 17 ஆகிய லெவல்களில் இதே கணக்கைப் போடுங்கள். வெறும் அடியைவிட எங்காவது 15 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ அந்த வரியைத் திரும்ப எழுதுங்கள்.

10ஆம் லெவலின் எல்ட்ரிச் ஸ்ட்ரைக் எழுத்தில் இரண்டு பதிப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஆயுதத்தால் அடித்த எதிரிக்கு, உங்கள் அடுத்த டர்ன் முடிவதற்குள் நீங்கள் போடும் மந்திரத்துக்கு எதிரான முதல் சேவில் (சேவிங் த்ரோவில்) டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரண்டு முறை உருட்டிக் குறைந்த எண்ணை எடுக்க வேண்டும். புதிய வார் மேஜிக் பக்கத்தில் வந்ததும் இதன் பலனே மாறிவிட்டது. முதல் அடி விழுந்ததும் அதே டர்னில் டோல் தி டெட் கேன்ட்ரிப் போடலாம். டிசி (சேவில் எதிரி எட்ட வேண்டிய எண்) 14, எதிரியின் சேவ் +3 என்றால் தோற்கும் வாய்ப்பு 50இலிருந்து 75 சதவீதத்துக்குப் போகிறது. காயம்பட்ட எதிரிமேல் 2டி12 சராசரி 13. முதல் அடி விழாத வாய்ப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 8.6 வருகிறது, அதன் இடத்தில் போயிருக்கும் வாள் அடி 7.8. அருமையான இணைப்பு. வீரன் முதலில் வெட்டி, நிலைகுலைந்தவன்மேல் மந்திரத்தை ஏவுகிறான் என்று விதியே கதையைச் சொல்கிறது. ஹோம்ப்ரூவில் ஒரு திறன் இன்னொன்றை இப்படி எடுத்துக்கொடுக்க வேண்டும். தனித்தனியாக ஐந்து நல்ல திறன்களை எழுதுவதில் பயனில்லை.

எந்த வகை மந்திரம் கற்கலாம் என்ற மந்திரப் பள்ளிக் கட்டுப்பாட்டை 2024 நீக்கியது சரி. பெரும்பாலும் அப்ஜுரேஷன் (காப்பு), எவோகேஷன் (தாக்குதல்) மந்திரங்கள் மட்டுமே என்ற பழைய வரம்பு, பலமான மந்திரத்தைத் தடுக்கவில்லை. ஷீல்டே அப்ஜுரேஷன்தான். தடுத்ததெல்லாம் மிரர் இமேஜ், ஃபைண்ட் ஃபெமிலியர் போன்று பாத்திரத்துக்கு நிறம் கொடுப்பவற்றை. எச்சரிக்கை வேண்டியது வேறு இடத்தில்: விசார்ட் பட்டியலை எடுத்துவிட்டு வேறு கிளாஸின் பட்டியலை வைக்கும்போது. ‘ஒவ்வொரு அடிக்கும்’ கூடுதல் சேதம் தரும் மந்திரங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுங்கள். ஹெக்ஸ், ஹன்டர்ஸ் மார்க் போன்றவை அடிக்கு 1டி6. மூன்று அடி உள்ளவரிடம் 65 சதவீத வாய்ப்பில் இது டர்னுக்கு 6.8 சேதம், முதல்நிலை ஸ்லாட் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் நீடிக்கும். மேலே பார்த்த 23.4 உடன் ஒப்பிட்டால் 29 சதவீத ஏற்றம். ஆக்‌ஷன் சர்ஜ் வந்தால் அந்த டர்னில் ஆறு அடி. இந்த மந்திரங்கள் வேண்டுமென்றால் ‘டர்னுக்கு ஒரு முறை’ என்று உங்கள் சப்கிளாஸில் ஒரு வரி சேருங்கள்.

கை எண்ணிக்கையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஷீல்டுக்குப் பொருள் தேவையில்லை, ஆனால் கைச்சைகை தேவை. ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம் இருப்பவருக்கு விதிப்படி அது முடியாது, வார் காஸ்டர் ஃபீட் (தனியாகத் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்) எடுக்க வேண்டும். மந்திரக் கருவியைப் பிடித்த கையால் சைகை செய்யலாம் என்ற சலுகை பொருள் தேவைப்படும் மந்திரங்களுக்கு மட்டும்தான். வெப்பன் பாண்டு (ஆயுதத்தைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும் 3ஆம் லெவல் திறன்) இதைத் தீர்க்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்: வாளைப் போட்டுவிட்டு மந்திரம் போட்டு போனஸ் ஆக்‌ஷனில் திரும்ப அழைக்கலாம், ஆனால் ரியாக்‌ஷன் நேரத்தில் அது நடக்காது. பிணைத்த ஆயுதம் ஏந்திய கையாலேயே சைகை செய்யலாம் என்று உங்கள் 3ஆம் லெவல் திறனில் எழுதிவிடுங்கள். ஒரு ஃபீட்டின் ஒரு பகுதி மதிப்புதான், சமநிலை அசையாது, மேசையில் வாக்குவாதமும் இருக்காது.

15ஆம் லெவலின் ஆர்கேன் சார்ஜ்தான் மிகப் பலவீனம். ஆக்‌ஷன் சர்ஜ் செய்யும்போது 30 அடி தூரம் மந்திரத்தால் இடம்பெயரலாம். 17ஆம் லெவல் வரை ஷார்ட் ரெஸ்டுக்கு ஒரு முறைதான். அதே 30 அடியை மிஸ்டி ஸ்டெப் இரண்டாம்நிலை ஸ்லாட்டில் தருகிறது, பழைய விதியிலேயே 8ஆம் லெவலில் அதைக் கற்றுக்கொள்ளலாம். ஏழு லெவல் கழித்து வருவது அதைவிட அரிதாக இருக்கக் கூடாது. 18இன் மேம்பட்ட வார் மேஜிக், அதாவது 2024இல் இரண்டு அடிகளுக்குப் பதில் முதல்நிலை அல்லது இரண்டாம்நிலை மந்திரம், நல்ல திறன்தான், ஆனால் அந்த லெவலை எட்டும் குழுக்கள் குறைவு. இரண்டையும் இடம் மாற்றி வைத்தாலே சப்கிளாஸ் உயிர்பெறும்.

சோதிக்கும்போது ஃபைட்டரின் இன்னொரு சப்கிளாஸான பேட்டில் மாஸ்டரை அளவுகோலாக வையுங்கள். 3ஆம் லெவலில் நான்கு டி8, ஷார்ட் ரெஸ்டில் திரும்பும். நாளுக்கு இரண்டு ரெஸ்ட் என்றால் 12 பகடை, சராசரி 54 கூடுதல் சேதம். எல்ட்ரிச் நைட்டின் இரண்டு ஸ்லாட்டையும் மேஜிக் மிசைலில் போட்டால் 21தான், அதற்கு ஆக்‌ஷனும் போகும். இந்த இடைவெளியை நிரப்புவது ஷீல்டும் கேன்ட்ரிப்பும் சண்டைக்கு வெளியே உதவும் மந்திரங்களும். ஆகவே உங்கள் சப்கிளாஸ் பாதுகாப்பையும் வைத்துக்கொண்டு சேதத்திலும் 54ஐ நெருங்கினால் வரம்பு மீறிவிட்டது. 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட் ஒரு நாளுக்கு ஆறு முதல் எட்டு சண்டைகளைக் கணக்கில் கொள்கிறது. உங்கள் குழு நாளுக்கு ஒரே சண்டை என்று ஆடினால், எல்லா ஸ்லாட்டும் அதிலேயே கொட்டப்படும். அந்த இரண்டு சூழலிலும் ஆடிப் பாருங்கள்.

பிறருக்கு வெளியிடும் எண்ணம் இருந்தால் ஒரு விஷயம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் 2023 ஜனவரியில் வந்த எஸ்ஆர்டி (பிறர் பயன்படுத்த வெளியிட்ட விதித்தொகுப்பு) 5.1, 2025 ஏப்ரலில் வந்த 5.2 இரண்டிலும் ஃபைட்டருக்கு சாம்பியன் மட்டுமே உண்டு, எல்ட்ரிச் நைட் இல்லை. ஷீல்டு, ஃபயர் போல்ட், மிஸ்டி ஸ்டெப் போன்றவற்றை எஸ்ஆர்டியிலிருந்து பயன்படுத்தலாம். எல்ட்ரிச் நைட்டின் திறன் பெயர்களையும் வாக்கியங்களையும் மட்டும் சொந்தமாக எழுதிக்கொள்ளுங்கள்.